வாக்கில்லாதவருக்கு அளித்த வாக்கு

மக்களாட்சி ஏதென்ஸில் பிறந்ததாகச் சொல்வார்கள். பிறந்திருக்கலாம். ஆனால் அது வயதுக்கு வந்தது 1983இல், பாரிஸில் தமிழர் கூடும் லா சப்பல் பகுதியில், பெர்னார் கைகுலுக்கத் தொடங்கிய அன்றுதான்.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக்காரரான பெர்னார், பாரிஸ் தபால் இலாகாவில் முப்பது ஆண்டு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தமிழர் ஓட்டெல்லாம் அவர் பின்னால் வரும் என்று நம்பி, ஒரு கட்சி நகரசபைத் தேர்தல் பட்டியலில் நடுவே எங்கோ அவர் பெயரைச் செருகியது. அமெரிக்காவில் மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவர் நாளுக்கு ஐந்நூறு கை குலுக்கியே நாலு முறை வென்றதாகப் பத்திரிகையில் படித்திருந்தார். பெர்னார் அறுநூறு குலுக்கினார். மீன் வெட்டிக்கொண்டிருந்த கையைக்கூட விடவில்லை.

அருட்பிரகாசத்தின் மளிகைக் கடையில் பெர்னார் குலுக்கிய கை, சாமான் வாங்க வந்த அற்புதமலருடையது. அவள் இடுப்பில் குழந்தை இருமியது.

"ஐயா, வீட்டைச் சூடாக்கிற ஷோபாஜ் ரெண்டு மாசமா வேலை செய்யேல்லை. பிள்ளை நடுங்குது. வீட்டுச் சொந்தக்காரனிட்டைச் சொன்னால் சிரிக்கிறான்."

"நான் பாத்துக்கறேம்மா. இது என் வாக்கு!"

சொன்னதோடு நில்லாமல், டை கட்டிக்கொண்டு போய் வீட்டுச் சொந்தக்காரர் முன் அரைமணி நேரம் பிரெஞ்சுக் குடியரசின் பெயரால் கத்தினார். மூன்றாம் நாள் வீடு சூடானது. பெர்னாருக்கு நெஞ்சும் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

வாக்குப்பதிவு நாளன்று அற்புதமலர் பெர்னாரைத் தேடி வடையோடு வந்தாள்.

"ஓட்டுப் போட்டாச்சாம்மா?"

"எங்களுக்கு ஏது ஐயா வோட்டு? நாங்கள் அகதியள்."

"அருட்பிரகாசம்?"

"அவரும்தான்."

"இந்தத் தெருவுல மத்தவங்க?"

"எல்லாரும்தான் ஐயா. வடை சூட்டோடை சாப்பிடுங்கோ."

பெர்னார் கடித்த வடையைத் திரும்ப வைத்தார்.

இருந்தும் பட்டியல் வென்றது. அதோடு ஒட்டிக்கொண்டு பெர்னாரும் நகரசபைக்குள் போனார். அன்றுமுதல் நிர்வாகம் சீர்பட்டது. குறையைக் கேட்குமுன் குடியுரிமையைக் கேட்டார். குடிமக்களின் குறைகள் 'பரிசீலனை'க்குப் போயின. மற்றவர்களுக்கு 'ஆழ்ந்த அனுதாபம்' உடனுக்குடன் வழங்கப்பட்டது.

நவம்பரில் ஷோபாஜ் மறுபடி நின்றது. அற்புதமலர் நகரசபைக்கே வந்துவிட்டாள். பெர்னார் எழுந்து வரவேற்றார். கையை மட்டும் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா நீங்க வாக்காளர் இல்லீங்களே? இது தெரிஞ்சப்புறம் நான் எப்படி..."

அற்புதமலர் குழந்தையை அவர் மேசைமேல் இருத்தினாள்.

"ஓம் ஐயா, விளங்குது. அப்ப தெரியாமல் ஒரு நல்லது செய்துபோட்டியள். இந்த முறையும் தெரியாத மாதிரியே ஒருக்காச் செய்யுங்கோவன்."