தொண்ணூற்றைந்து சதவீதம்

நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் செயல்திறனை மதிப்பிட உயர்மட்டக் குழு வருகிறது என்றதும், அங்கே தண்ணீரைச் சோதிக்கும் கெமிஸ்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு வருஷமாக அவர் தண்ணீரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை, பாவம். சுத்தமாகி வெளியேறும் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து மேசைமேல் வைத்துக் காத்திருந்தார்.

குழு என்பது மூன்று பேர். ஒருவர் தலைவர், மற்ற இருவர் தலையாட்டுவதற்கு. தலைவர் குடுவையைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தார்.

"உள்ள வர்ற தண்ணியில அழுக்கு எவ்வளவு?"

"லிட்டருக்கு அம்பது மில்லிகிராம் சார்."

"வெளிய போறதுல?"

"பத்துதான் சார். இருபது வரைக்கும் விடலாம்னு சட்டமே சொல்லுது."

"அப்போ எண்பது சதவீதம்தான் எடுக்கிறீங்க. தொண்ணூறு எடுக்கணும். நிலையம் தேறலை."

குடிநீர்க் குழாய் உடைந்து நல்ல தண்ணீர் சாக்கடையில் கலக்கிறது, அதனால் வருவதே பாதி சுத்தமாக வருகிறது, இல்லாத அழுக்கை எங்கே போய் எடுப்பது என்று கெமிஸ்ட் கெஞ்சினார். குடிநீர் வேறு துறை என்று குழு தெளிவுபடுத்தியது. ஒரு மாதம் அவகாசம். அதிலும் தேறாவிட்டால் பொறுப்பான அலுவலருக்கு, அதாவது கெமிஸ்ட்டுக்கு, எல்லையோர நிலையத்துக்கு மாற்றல்.

மனைவிக்கு இந்த ஊரில்தான் வேலை. மகளுக்கு இது பள்ளி இறுதி வருஷம். கெமிஸ்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி, "அழுக்கு பத்தலைன்னா, எடுத்ததையே திரும்பப் போட்டுக்குங்க" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் முங்கப் போகிறவனுக்குத் துரும்பும் தோணிதானே.

நிலையத்தின் பின்பக்கம் காயப்போட்டிருந்த கசடு முழுவதும் அன்று முதல் வண்டி வண்டியாக நுழைவாயில் தொட்டிக்குத் திரும்பியது. நேற்று எடுத்த அழுக்கை இன்று போட்டு, நாளை மறுபடி எடுத்தார்கள். இயந்திரங்கள் முக்கி முனகின. மறுமதிப்பீட்டு நாளில் உள்ளே ஆயிரம், வெளியே ஐம்பது. அதாவது, முன்பு உள்ளே வந்துகொண்டிருந்த அதே தண்ணீர் இப்போது வெளியே போனது.

"தொண்ணூத்தஞ்சு" என்று தலைவர் கெமிஸ்ட்டின் கையைக் குலுக்கினார். "முன்மாதிரி நிலையம்னு எழுதுறேன்."

கெமிஸ்ட்டுக்கு மனசு உறுத்தியது. "சார், வெளிய போற தண்ணி நாறுது. சட்டத்துல சொன்ன அளவையும் தாண்டிருச்சு."

"அது வேற படிவம். அதுக்கு வேற குழு வரும்."

இரண்டு தலைகளும் ஆடின. மாற்றல் ரத்தானது. வாசலில் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் பலகையாக மாட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, கால்வாய்க் கரைத் தெருக்காரர்கள் முப்பது பேர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். உதை நிச்சயம் என்று கெமிஸ்ட் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். முன்னால் நின்ற தையற்காரர் துணியை லேசாக விலக்கினார்.

"பலகையைப் பார்த்தோம் சார். தொண்ணூத்தஞ்சு பங்கை நீங்க எடுத்த பிறகே இந்த நாத்தம் நாறுதே, நீங்க மட்டும் இல்லைன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும்? உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்."

கெமிஸ்ட் வாயைத் திறந்தார். உண்மை தொண்டை வரை வந்தது. எல்லையோரம் நினைவுக்கு வந்ததும் இறங்கிப்போனது. "என் கடமைதானே" என்றார்.

"அடுத்த வருஷம் எப்படியாவது தொண்ணூத்தொம்பது ஆக்கிடுங்க சார்" என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சரி என்றார்.