வண்டி கிளம்பினால் போ

"இன்னொரு வாட்டி சுத்து, ஜம்புலிங்கம்!"

"தோள்பட்டை கழண்டுகினு போவுது பாப்பா. இருமுது, தும்முது, அப்பால படுத்துக்குது."

டிரைவர் ஜம்புலிங்கம் வண்டி முகப்பில் செருகிச் சுற்றும் ஹேண்டிலைப் பிடுங்கி நெற்றி வியர்வையை வழித்தான். தேவகி வண்டியை முறைத்தாள். முன்பாதி கார், பின்பாதி மாங்காய்க் கூடை ஏற்றும் பலகைத் தொட்டி. திருத்தணி மலையடிவாரத்தில் அந்தக் குட்டி லாரியைத் திட்டாத வாயில்லை. இன்று தேவகியின் முறை.

பள்ளிப்பட்டுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. உச்சிப்பொழுதுக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை இன்னொருத்திக்கு. யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து பஸ் நின்றுபோயிருந்தது. மாட்டுவண்டியில் போனால் பொழுது சாய்ந்துதான் போகலாம். இந்தக் கிழட்டு வண்டியை விட்டால் வேறு கதியில்லை.

நேற்று ஆர்.கே.பேட்டையிலிருந்து அத்தை பூவம்மாள் வந்து இறங்கியிருந்தாள். தேறாமல் எட்டாம் வகுப்பிலேயே வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்திய தன் மகன் நாகேந்திரனுக்குத் தேவகியைக் கட்டி வைக்க வேண்டும் என்று.

"பொட்டப்புள்ள சம்பளத்துக்குப் போனா ஊரு சிரிக்கும், தம்பி. நீயே சொல்லு."

அக்காள் கிழித்த கோட்டைத் தாண்டாத வேதாசலம், மகளையும் அக்காளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"நான் இன்னா சொல்றது? காலைல வண்டி கெளம்பினா போவட்டும். கெளம்பலன்னா முருகன் உத்தரவு குடுக்கலன்னு அர்த்தம்."

"முருகன் மயில உட்டுட்டு எப்போ நைனா இஞ்சினுக்குள்ள குடி வந்தாரு?" என்று கேட்டாள் தேவகி. பெண்பிள்ளை பி.ஏ. படித்தால் மழை பெய்யாது என்று சொல்லி, அந்த வருஷமே ஏரி உடைத்துக்கொண்டதும் வாயை மூடிக்கொண்ட ஊர் அது. அவள் யாருக்கும் பயந்தவளில்லை. பட்டணத்துக் காலேஜுக்குப் புறப்பட்ட அன்று, கண்ணேறு படாமலிருக்க டயருக்கடியில் நைனா வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்து சர்பத் போட்டுக் குடித்துவிட்டு வண்டியேறியவள்.

இப்போது நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோளில் வழக்கமான துண்டு இல்லை. வெற்றுத் தோளைத் தடவுவதும் சூரியனை அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தார். பொழுது எப்போது ஏறும், வேலை எப்போது கைநழுவும் என்று பார்க்கிறார்! தேவகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுப் பகல் முழுக்க ஜம்புலிங்கத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "எண்ணெய் போடு, துடை, முடுக்கு" என்று இவர் வண்டியைக் குடைந்ததை அவள் பார்த்திருந்தாள். எதையோ கழற்றி வைத்திருக்கிறார், சந்தேகமே இல்லை.

"பெட்ரோல் வரல," என்றாள். "குழாயக் கழட்டு."

"வேணாம் பாப்பா..."

அவளே கழற்றினாள். பெட்ரோல் நன்றாகத்தான் வந்தது. அவள் முகத்தில் வந்தது, ரவிக்கையில் வந்தது, மண்ணில் வந்தது. குழாயை மறுபடி மாட்டுவதற்குள் கூப்பனுக்கு வாங்கிய பெட்ரோலில் பாதி பூமாதேவிக்குப் போய்விட்டது.

"படிச்ச பொண்ணு!" என்றாள் அத்தை, வெற்றிலையை மடித்தபடி.

"ஆங், படிச்சதுனாலதான் குழாய் எதுன்னு தெரிஞ்சிது. உம் புள்ளையா இருந்தா மாட்டு வாலத் திருகிப் பாத்திருப்பான்."

அடுத்து பிளக். நாலையும் கழற்றி, சூடு காட்டினால் சரியாகும் என்று ஜம்புலிங்கம் சொன்னான். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. தேவகி நாலு பிளக்கையும் அதன்மேல் வரிசையாக அடுக்கினாள்.

"அடியே, அது தோசைக்கல்லுடி!" என்று அம்மா கௌரியம்மாள் அலறினாள்.

"தோசை நாளைக்கும் சுடலாம்மா. வேலை இன்னைக்குத்தான்."

பிளக் சூடேறியது. வீடெல்லாம் பெட்ரோல் நாற்றம். திரும்ப மாட்டிச் சுற்றினால், முன்பு இருமித் தும்மிய வண்டி இப்போது தும்முவதையும் நிறுத்திவிட்டது. சென்னைப் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஓடிவந்து பக்கத்து வீட்டில் குடியேறியிருந்த கங்காதரன், வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"பின்னாலேர்ந்து தள்ளுங்கம்மா. பட்டணத்துல அப்படித்தான்."

அத்தனை நேரம் கல்லாட்டம் உட்கார்ந்திருந்த வேதாசலம் துள்ளி எழுந்தார்.

"பின்னால யாரும் போவக் கூடாது! பின்னால தொட்டா கையை ஒடிச்சிடுவேன்!"

"ஏன் நைனா?"

"ஏன்னா... போவக் கூடாது. அவ்ளோதான்."

அத்தை மெச்சினாள். "அப்படிச் சொல்லுடா தம்பி!"

தேவகி பல்லைக் கடித்தாள். பின்னால் போகக் கூடாது என்றால் முன்னால் போகலாமே! கொட்டகையில் கட்டியிருந்த காளைகள் இரண்டையும் ஓட்டி வந்து, வண்டியின் முன்கம்பியில் கயிற்றைக் கட்டினாள். ஜம்புலிங்கத்தை உள்ளே ஏற்றிவிட்டு, தானே தார்க்கோலை எடுத்தாள்.

"ஹை! ஹை!"

காளைகள் இழுத்தன. முன்கம்பி மட்டும் பெயர்ந்துகொண்டு வந்தது. வண்டி இருந்த இடத்திலேயே இருக்க, கம்பியை இழுத்துக்கொண்டு காளைகள் கௌரியம்மாளின் கத்திரிப் பாத்தியை உழுதன.

"போதும் நிறுத்துடி!" என்றாள் அம்மா.

"முருகன் உத்தரவு இல்ல. ஒத்துக்கோ," என்றாள் அத்தை.

வேதாசலம் வெற்றுத் தோளைத் தடவினார். மறுபடி சூரியனைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் முனகினார். "அச்சுல கட்டினா பிடுங்கிகினு வராது."

வீம்பு! தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்த தேவகி, புழுதியில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் ஊர்ந்துபோய் அச்சில் கயிற்றை முடிந்தாள். எழுந்தபோது பட்டம் வாங்க உடுத்தி, இன்றைக்கென்று எடுத்துக் கட்டியிருந்த புடவை, வண்டி துடைக்கும் துணியாகியிருந்தது.

"ஜம்புலிங்கம், நான் சொல்றப்போ கியரப் போடு! ஹை!"

வண்டி அசைந்தது. உருண்டது. காளைகள் ஓட, புழுதி பறக்க, ஜம்புலிங்கம் கியரைப் போட்டான். வண்டியின் வயிற்றுக்குள் உறுமல், முக்கல், ஏதோ அடைத்துக்கொண்டு திணறும் சத்தம். அப்புறம்,

டமார்!

புகைக்குழாயிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து வந்து, அத்தையின் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பானையைத் தூள் தூளாக்கியது. கோழிகள் கூரையேறின. காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. வேலிக்கு அந்தப் பக்கம், "ஐயையோ, இங்கயும் வந்துட்டானா!" என்று கங்காதரன் கட்டிலுக்கடியில் பாய்ந்தார்.

புகை விலகியபோது வண்டியின் இஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சுத்தமாக அது ஓடி யாரும் கேட்டதில்லை.

நனைந்த புடவையோடு அத்தை பானை ஓடுகளைக் கிளறினாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். கரி அப்பியிருந்தாலும் குங்குமம் தெரிந்தது.

"செய்வினைடி! எவனோ குழாய்க்குள்ள செய்வினை வெச்சிருக்கான்!"

தேவகி பழத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். பின்னால் யாரும் போகக் கூடாது! இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"இதுக்குத்தான் அந்தக் கத்து கத்தினியா நைனா? சாமி உத்தரவுன்னு சொல்லிட்டு, சாமி பழத்த வெச்சே அடைச்சியா?"

வேதாசலம் வாயைத் திறந்தார். அக்காளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பூவம்மாளின் முகம் மலர்ந்தது. "எனக்காவவாடா செஞ்ச, தம்பி? எங்கண்ணு!" என்று அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கசாப்புக் கடைக்குப் போகும் ஆடு மாதிரி அவர் விழித்தார்.

"நல்லாக் கொஞ்சிக்கோங்க," என்றாள் தேவகி. பழத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். "நான் போறேன். உன் உத்தரவும் வேணாம், முருகன் உத்தரவும் வேணாம். இனிமே இந்த வாசல்ல நான் கால் வெச்சா ஏன்னு கேளு!"

டிரங்குப் பெட்டியைத் தொட்டியில் எறிந்துவிட்டு வண்டியில் ஏறப்போனாள். அப்போது மலைப்படியோரம் பூவும் பழமும் விற்கும் பங்காரு, ஒரு துண்டை விசிறிக்கொண்டே வாசலில் நுழைந்தாள்.

"ஐயா, துண்ட எங்கடைல மறந்துட்டு வந்துட்டீங்களே!" என்றவள், ஓடும் வண்டியையும் தேவகியின் கையையும் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "இன்னா பாப்பா, கண்டுபுடிச்சிட்டியா? 'எம் பொண்ணு நல்லபடியா வேலைல போய்ச் சேரணும், டயருக்கடியில வெச்சா எடுத்து சர்பத் போட்டுடுவா, எங்க அக்கா கண்ணுலயும் படக் கூடாது'ன்னு இருட்டோட மலையேறி வந்து வாங்கிகினு போனாரே உங்க நைனா, அந்தப் பழந்தானே இது?"