அட்டென்ஷன் அண்ணனுக்கு ஒரு பதில்

அல்சூர் மாடி ஆபீஸில் என்னோடு டைப் அடித்த பன்னிரண்டு பேரும் கோழைகள். இப்போது வைட்ஃபீல்டில் என்ன பதவியில் இருந்தாலும் கோழைகள்தான். பெங்களூரிலேயே மரியாதை தெரிந்த ஒரே மனிதரை நாம்தான் வேலையை விட்டுத் துரத்தினோம்.

அவரை அட்டென்ஷன் அண்ணன் என்போம். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாட்டுக்காரர்களின் பழைய குடும்பக் கடிதங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பது எங்கள் வேலை. அர்த்தம் ஒருத்தருக்கும் தெரியாது. எழுத்தைப் பார், அடி, அவ்வளவுதான். ஸ்வீடனிலிருந்து மேற்பார்வைக்கு வந்த அம்மாவிடம் அண்ணன் ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். 'க்ரோத்தா'. அடிக்கடி வருகிறதே என்று. அந்த அம்மா இரண்டு விரலால் கன்னத்தில் கோடு இழுத்துக் காட்டினார். அழுவது.

அன்று பிடித்தது. க்ரோத்தா வந்தால் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். ஒரு நிமிடம். கை இரண்டும் தொடையில் ஒட்டியிருக்கும்.

"ஏண்ணா, தேசிய கீதமா பாடுறாங்க?"

"ஒருத்தர் அழுறப்போ உக்காந்துக்கினு டைப் அடிக்கிறதா? நல்லா கீது உன் நியாயம்."

"அவங்க செத்து நூறு வருஷம் ஆயிருக்கும்ணா."

"அதுக்காக? அழுதது அழுததுதானே?"

ஸ்வீடனோடும் விடவில்லை. நார்வே கடிதக் கட்டில் 'க்ரோத்தே', டென்மார்க் கட்டில் 'க்ரேதெ' என்று கண்டுபிடித்து அதற்கும் எழுந்தார். "நமக்கு அழு, கன்னடத்துல அளு. அந்த மாதிரிதான் இதுவும்" என்றார். ஒரு நாள் கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத அறை. முக்கால் மணி நேரம் கழித்து லைட் எரிந்தபோது அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கடிகாரம் தெரியவில்லையாம். ஒரு நிமிடம் ஆனதா என்று சந்தேகமாம்.

டைப் அடிப்பதோடு, காகிதங்களைப் பிரித்துக் கொடுப்பவனும் நான்தான். ஒரு மதியம் பழைய கடிதங்களிலிருந்து வரிகளைப் பொறுக்கி, வரிக்கு ஒரு க்ரோத்தா வைத்து, கீழே ஒரு பெண் பெயர் போட்டு, பொய்க் கடிதம் ஒன்று தயாரித்தேன். ஆளுக்கு ஒரு வரி நீங்கள் பன்னிரண்டு பேரும்தான் கொடுத்தீர்கள். மறந்துவிட்டது என்று சொல்லாதீர்கள்.

அண்ணன் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். பத்தாவது தடவைக்கு மேல் உட்காரவே இல்லை. நின்றபடியே குனிந்து ஒற்றை விரலால் அடித்தார். நாங்கள் மேஜைக்கு அடியில் தலையை விட்டுச் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து மேனேஜர், பம்பாயிலிருந்து வந்த முதலாளிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"என்னப்பா இது? டைப் அடிக்க வந்தியா, காவல் நிக்க வந்தியா?"

"சார், இந்தம்மா ரொம்ப அழுதுருக்காங்க சார்."

முதலாளிகள் சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்கு முகம் கறுத்தது. "நாளைலேருந்து வராதே."

'சார், இது நாங்க பண்ண விளையாட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும்.

அண்ணன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். விஷயம் தெரிந்துவிட்டது, அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. அந்தப் பொய்க் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, இந்தம்மாவுக்கு யாராச்சும் பதில் போட்டாங்களான்னு மத்த கட்டுல பாரு. பாத்துட்டு எனக்கு வந்து சொல்லு. வூடு ஜீவனஹள்ளிதான்."

பஸ்ஸில் கால் மணி நேரம். இத்தனை வருஷமும் நான் போகவில்லை. போன மாதம்தான் போனேன். அட்டென்ஷன் அண்ணன் என்று விசாரித்தால் யாருக்குத் தெரியும்?

அதனால் கேட்கிறேன். பன்னிரண்டு பேரும் இதே பத்திரிகையில், உங்கள் நிஜப் பெயரைப் போட்டு, அவருக்குப் பதில் எழுதுங்கள். என் பதில் இது. இதை நான் உட்கார்ந்து எழுதவில்லை.