டான் வாத்தியாரை ஊருக்கு அனுப்பும் வழி

அன்றைய வகுப்புக்கு இரண்டே பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

ஊர்த்தலைவர் பொன்கேவ் பள்ளிக்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே ஆங்கில வாத்தியார் கையில் சாக்பீஸோடு காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். ஆறடி உயரம், அறுபத்திரண்டு வயது. அயர்லாந்தில் நாற்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் மூன்று மாதம் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன் என்று ஆற்றில் படகேறி இந்த லாவோஸ் கிராமத்துக்கு வந்து ஒரு மாதமாகிறது.

அவர் பெயர் ஃபின்டன். அதில் முதல் பாதிக்கு லாவோ மொழியில் அபின் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு அப்படிக் கூப்பிட முடியாது என்பதால் ஊரார் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டான் என்றால் சர்க்கரை. டான் வாத்தியார்.

முதல் வாரம் ஊரே அவரைப் பார்க்க வந்தது. இரண்டாவது வாரம் பாதி ஊர் வந்தது. அப்புறம் மழை பிடித்தது, நடவு தொடங்கிவிட்டது.

அத்தனை தூரத்திலிருந்து வந்த மனுஷன் முகம் வாடினால் அது ஊருக்கே அவமானம் என்று பொன்கேவ் நினைத்தார். அன்றைக்கே உத்தரவு போட்டார். வீட்டுக்கு ஒருவர், தினமும் நாலு மணிக்கு, சேறு கழுவிவிட்டு வகுப்புக்கு வந்தாக வேண்டும்.

மறுநாள் நாற்பத்தோரு பேர் வந்தார்கள். பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். டான் வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார். இவர்கள் எல்லோரும் ஏன் வந்திருக்கிறார்கள் என்று டாவொனிடம் கேட்டார்.

டாவொன் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியை. ஊரில் அவளுக்குத்தான் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். நல்ல பெண்தான், ஆனால் ஒரு குறை உண்டு. யார் மனதையாவது புண்படுத்தக்கூடிய வார்த்தை அவள் வாயில் நுழைந்தால், வெளியே வரும்போது தேன் தடவித்தான் வரும். ஆங்கிலம் படிக்க எல்லோருக்கும் ஆசை என்று சொல்லும்படி பொன்கேவ் சொன்னார். அவள் அதைச் சொன்னதோடு, இடமில்லாமல் பலர் ஏக்கத்தோடு திரும்பிப் போனார்கள் என்று தன் கையிலிருந்தும் ஒன்றைச் சேர்த்தாள்.

டான் வாத்தியார் தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, அப்படியானால் காலை ஏழு மணிக்கும் ஒரு வகுப்பு வைக்கிறேன் என்றார்.

காலை ஏழு மணி நாற்றுப் பறிக்கிற நேரம். ஒரே வாரத்தில் நாற்றங்கால் பழுக்க ஆரம்பித்தது. பொன்கேவின் மனைவி மாலிவன் சோற்றுக்கூடையை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"நாத்து முத்திப்போச்சு. வரப்புல நின்னு 'குட் மார்னிங்'னு சொல்லிப் பாருங்க. அதுவா எழுந்து போய் நட்டுக்குதான்னு பார்ப்போம்."

"கொஞ்சம் பொறு. பாடம் முடிஞ்சா அவரே கிளம்பிடுவார்" என்றார் பொன்கேவ்.

சொன்ன பிறகுதான் அதுவே நல்ல வழி என்று தோன்றியது. வாத்தியார் வைத்திருந்த புத்தகத்தில் பன்னிரண்டு பாடங்கள். பன்னிரண்டையும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டால் அவருக்கு இங்கே என்ன வேலை? நாலு நாள் நடவு வயலில் நாட்டுப்பாட்டு கேட்கவில்லை. வரிசையாகக் குனிந்தபடி எல்லோரும் ஆங்கிலப் பாடத்தை முணுமுணுத்தார்கள். எழுபது வயது கம்பூய் கிழவர் வகுப்பில் எழுந்து நின்று, தன் பெயர் மேரி, தனக்கு ஏழு வயது, தன்னிடம் ஒரு பொம்மை இருக்கிறது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

டான் வாத்தியார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து இரண்டாவது புத்தகத்தை எடுத்தார். அதற்கடியில் மூன்றாவது புத்தகம் இருந்ததை முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பொன்கேவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், வழியனுப்பு விழாவே நடத்திவிடுவது என்று முடிவு செய்தார். விழா நடந்த பிறகு யாராவது தங்குவார்களா? வாழையிலைக் கூம்பில் பூ வைத்து, கோழி அவித்து, அரிசிச் சாராயம் ஊற்றி, பயணம் போகிறவருக்குச் செய்கிற எல்லா மரியாதையும் செய்தார்கள். ஊரார் ஒவ்வொருவராக வந்து, உயிர் உடம்பை விட்டு அலையாமல் இருக்க, வாத்தியார் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். நூல் முழங்கை வரை ஏறிவிட்டது.

பொன்கேவ் எழுந்து பேசினார். வாத்தியார் சுகமாக ஊர் போய்ச் சேர வேண்டும், வழியில் ஒரு தடங்கலும் வரக்கூடாது, இங்கே எங்களைப் பற்றிய கவலையே வேண்டாம் என்றார். டாவொன் ஒரு நொடி தயங்கினாள். வந்த மனுஷரைப் போ என்று எப்படிச் சொல்வது? உங்கள் உயிர் எங்கேயும் போகாமல் எங்களோடேயே இருக்கட்டும் என்று ஊர் கேட்டுக்கொள்வதாக மொழிபெயர்த்தாள்.

டான் வாத்தியார் கண் கலங்கினார். சாராயம் உள்ளே போனதும் வட்ட நடனத்தில் சேர்ந்துகொண்டார். எல்லோரும் கையை உள்ளே திருப்பும்போது அவர் வெளியே திருப்பினார். பக்கத்தில் ஆடிய மாலிவனின் கொண்டை அவிழ்ந்து விழுந்தது. அவள் கோபித்துக்கொள்வாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அவளோ தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த ஊரில் அப்படி ஒரு சாயங்காலம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வாத்தியார் நகரத்திலிருந்து வாங்கிவந்த ஒரு தாளை நீட்டினார். மேலும் ஆறு மாதம் தங்குவதற்கான விண்ணப்பம். தலைவர் கையெழுத்து வேண்டுமாம்.

"நீ அன்னிக்கு என்னம்மா சொன்ன?" என்று பொன்கேவ் டாவொனைக் கேட்டார்.

"நல்லதாத்தான் சொன்னேன், தலைவரே" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

இனி அடுத்தவர் வாயை நம்பிப் பயனில்லை, தானே நேராக ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது என்று பொன்கேவ் தீர்மானித்தார். ஆனால் அந்த வாக்கியத்தை யாரிடம் கற்பது? டாவொன் சொல்லித்தந்தால் அதிலும் தேன் இருக்கும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

ஊர்க்கூட்டம் முடிந்ததும் ஜனங்களிடம் நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதை எனக்குக் கற்றுத்தாருங்கள் என்று டான் வாத்தியாரிடமே போய் நின்றார். இதில் யார் மனமும் புண்படாது என்பதால் டாவொன் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். வாத்தியார் அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லித்தந்தார். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று தன் வாயைத் திறந்து காட்டினார். பொன்கேவ் அன்று முழுவதும் எருமையிடம் சொல்லிப் பழகினார்.

மறுநாள் வகுப்பு நடுவில் எழுந்தார். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியாரின் கண்ணை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்.

"யூ மே கோ ஹோம்."

டான் வாத்தியாரின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. ஏதோ கேட்க வருபவர்போல வாயைத் திறந்தார். அப்போது டாவொன், பதற்றத்தில், தலைவர் நன்றாகச் சொல்கிறார் இல்லையா என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைதட்டினாள். வாத்தியாரும் தட்டினார். வகுப்பே தட்டியது. பிறகு அவர் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார். நாற்பத்தோரு பேரும் அவரைப் பார்த்து ஒரே குரலில் மூன்று முறை நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று முழங்கினார்கள். கடைசியில் அவரும் அதையே அவர்களிடம் திருப்பிச் சொல்ல, எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் சீக்கிரம் முடிந்த வகுப்பு அதுதான்.

பொன்கேவ் தோற்றுப்போனார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, நகரத்துக்கு அனுப்புவதற்காக மறுநாள் காலை படகுத்துறைக்கு எடுத்துப்போனார். படகுக்காரர் சோம்போன் கீழாற்று ஊர்க்காரர். சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கியே ஆங்கிலம் கற்றவர். மகளோடு போனில் பேச டான் வாத்தியார் சனிக்கிழமைதோறும் நகரத்துக்குப் போவது அவர் படகில்தான்.

தாளைப் பிரித்துப் பார்த்த சோம்போன் மோட்டாரை நிறுத்தினார்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா? போட மாட்டீங்கன்னுதானே மனுஷன் நம்பிக்கிட்டிருந்தார். அடுத்த மாசம் அவர் மகளுக்குப் பிரசவம். போகணும்னு துடிக்கிறார்."

பொன்கேவ் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இந்தத் தாளை ஏன் வாங்கிட்டு வந்தார்?"

"ஊரே கையில நூல் கட்டி இருக்கச் சொல்லுச்சாம். எப்படி முகத்துக்கு நேரா முடியாதுன்றதுன்னார்."

"காலை வகுப்பு? ரெண்டாவது புத்தகம்?"

"நீங்க எல்லாரும் அவ்வளவு ஆசையா வந்து உட்கார்ந்தா அவர் வேற என்னதான் செய்வார்?" என்ற சோம்போன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "'நாளையிலிருந்து வகுப்புக்கு வர வேண்டாம், போய் வயலைப் பாருங்க'ன்னு நம்ம மொழியில எப்படிச் சொல்றதுன்னு மூணு சனிக்கிழமையா என்கிட்ட பாடம் படிச்சிக்கிட்டிருக்கார், தலைவரே."