கிரீம் கலர் சபதம்

இந்த ஒரு விஷயத்திலாவது பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று ஜம்புநாதன் கங்கணம் கட்டிக்கொண்டார். வீட்டில் குக்கர் முதல் கர்ட்டன் வரை, ஏன், அவர் போட்டிருக்கும் சட்டை வரை மங்கையர்க்கரசியின் தேர்வு. எல்லாம் கச்சிதமாக அமைந்து வேறு தொலைக்கும். அதுதான் எரிச்சலே.

ஹைதராபாத்தில் தெருவுக்குத் தெரு சாப்ட்வேர் கோர்ஸ் போர்டு தொங்கிய காலம் அது. அல்வாலில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் புதுக் கார் வந்து நின்ற அன்றே வழக்கு ஆரம்பித்துவிட்டது. வாரநாளில் கார் யாருக்கு?

ஜம்புநாதனுக்கு வேலை பட்டான்செருவில், ஒரு மருந்துத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில். தெருமுனைக்கே கம்பெனி பஸ் வரும். மங்கைக்கு வேலை ஹப்சிகுடாவில், வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கம்பெனியில். பாவம், பஸ் மாறி பஸ் ஏறி, கசங்கிப் போய்ச் சேருவாள். நியாயம் யார் பக்கம் என்று பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும். அதனால் ஜம்புநாதன் யாரையும் கேட்கவில்லை.

"கார் எனக்குத்தான். தினமும் நான்தான் எடுத்துட்டுப் போவேன்," என்றார்.

"சரிங்க," என்றாள் மங்கை.

சண்டை போட்டிருந்தால் தெம்பாக இருந்திருக்கும். 'சரிங்க' என்றதும் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காருக்கு மேட் வாங்க ராணிகஞ்சில் இர்பான் பாய் கடைக்குப் போனார்கள். மங்கை நேராகப் போய் ஒரு கறுப்பு ரப்பர் மேட்டை எடுத்தாள். சுற்றிலும் ஓரம் உயர்ந்து, தாம்பாளம் மாதிரி இருந்தது.

"இதுதாங்க சரி. எவ்வளவு சேறு பட்டாலும் ஓரத்தைத் தாண்டாது. ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா போச்சு."

அத்தனையும் உண்மை. அதனாலேயே ஜம்புநாதனுக்குப் பிடிக்கவில்லை. அவர் கண் கடை முழுக்க அலைந்து, மூலையில் புசுபுசுவென்று கிடந்த கிரீம் கலர் கார்ப்பெட் மேட்டில் போய் நின்றது.

"அதை எடுங்க பாய்!"

"ஐயையோ, கிரீமா?" மங்கை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்ல மால் சார். கால் வெச்சா தூக்கம் வரும்," என்றார் இர்பான் பாய்.

"யாருக்கு, ஓட்டறவருக்கா?" என்றாள் மங்கை. "என்னங்க, மழைக்காலம். சேறு பட்டா?"

"படாது."

"பட்டா?"

"சேத்துக் காலோட யாரும் வண்டியில ஏறக்கூடாது. அவ்வளவுதான்!"

"எங்க அண்ணன் வந்தா?"

"உங்க அண்ணனா இருந்தாலும் சரி, கலெக்டரா இருந்தாலும் சரி. ஏன், நானா இருந்தாலும் சரி!"

"பாய், கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேன்மா."

"அப்புறம் உங்க இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டாள் மங்கை.

ஜெயித்துவிட்டார்! கல்யாணமான நாளிலிருந்து முதல் வெற்றி. ஜம்புநாதன் மேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி கடையை விட்டு இறங்கினார்.

திங்கட்கிழமை பட்டான்செருவில் பேய்மழை. தொழிற்சாலை வாசலில் குழாய் போடத் தோண்டிய பள்ளமெல்லாம் களியாகிவிட்டது. சாயங்காலம் காரை அடைவதற்குள் கணுக்கால் வரை சேறு. கதவைத் திறந்தார். உள்ளே கிரீம் கலர் மேட், பால் குடிக்கிற குழந்தையாகப் படுத்திருந்தது. மனசு வருமா? ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, மழைத் தண்ணீரில் காலைக் கழுவி, அல்வால் வரை வெறுங்காலோடு ஓட்டி வந்தார். உள்ளங்காலில் பிரேக்கின் வரிகள் அப்படியே பதிந்துவிட்டன.

மங்கை உப்புப் போட்ட வெந்நீரோடு ஓடி வந்தாள்.

"சொன்ன சொல் மாறாத மனுஷங்க நீங்க! ஆனா தினம் இப்படி ஓட்டினா கால் என்னத்துக்காகும்?"

"மழை விடற வரைக்கும் கம்பெனி பஸ்லயே போயிடறேன்."

"கார் சும்மா நின்னா பேட்டரி போயிடுமாமே?"

"அப்ப நீ எடுத்துட்டுப் போ."

"நானா? எனக்குப் பயமா இருக்குங்க."

"லைசென்ஸ் வெச்சிருக்கே இல்ல, என்ன பயம்? நான் சொல்றேன், தைரியமா போ!"

மறுநாள் காலை. தெருமுனையில், சேற்றில், தூறலில் பஸ்ஸுக்காக நின்றார். கார் வந்தது. ஒரு பக்கம் எருமைக் கூட்டம், ஒரு பக்கம் ஷேர் ஆட்டோ. நடுவில் ஹார்ன்கூட அடிக்காமல், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மங்கை வந்தாள். ஜம்புநாதன் வாயைப் பிளந்தார். ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவருக்கு அப்படி ஓட்ட வராது.

கண்ணாடி இறங்கியது. மங்கையின் பக்கத்தில் மாடி வீட்டுச் சபீனா. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் உருது கலக்கும். மங்கையின் ஆபீசிலேயே வேலை.

"பஸ் இன்னும் வரலையா? மெயின் ரோட்டுல விடட்டுங்களா?"

ஜம்புநாதன் கதவுப் பிடியைத் தொட்டார். குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம், நீ போ."

சபீனா எட்டிப் பார்த்தாள். "ஹவ் அண்ணா, நீங்க சோக்கா நல்லவங்க! போன வாரம் பஸ் பாஸ் எடுக்கப் போனேன். மங்கைதான், 'நக்கோ, பாஸ் வேண்டாம் சபீனா, ஞாயித்துக்கிழமை மேட் வாங்கப் போறோம், நான் கறுப்பை எடுத்தா அவர் வெளுப்பை எடுப்பார், ஒரு மழை வந்தா போதும், அப்புறம் நாம கார்லதான்'னு அப்பவே சொல்லிட்டாங்க!"

"சபீனா!" என்று அதட்டினாள் மங்கை. முகம் சிவந்துவிட்டது. அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாளே, அடடா!

கோபம் வரவேண்டிய இடம். ஜம்புநாதனுக்கு வரவில்லை. 'என்ன மூளைடா சாமி! இந்த மூளைக்கா பஸ்ஸில் இடி படுகிற தலையெழுத்து?' என்று நெஞ்சு நிறைந்துபோனது. கார் அவர்மேல் ஒரு சொட்டுச் சேறு தெறிக்காமல் வளைந்து போயிற்று.

அப்போதுதான் குடையோடு வந்து சேர்ந்தார் கூட வேலை பார்க்கும் வரதராஜன். "யாருங்க அந்தம்மா, என்னமா ஓட்டறாங்க! ஆமா, நேத்து நீங்க ஆபீசுக்கு ஓட்டிட்டு வந்த கார்தானே அது?"

"அதேதான்," என்றார் ஜம்புநாதன். "ஓனரம்மா நேத்து ஒருநாள் ஓட்டக் கொடுத்தாங்க."