கூரைத் தண்ணி வழக்கு

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் தூண்களுக்கு அடுத்தபடி அதிக காலம் நின்றவர் ஊரே வாய்தா என்று கூப்பிடும் என் பக்கத்து மனைக்காரர்தான். நிஜப் பெயர் கோர்ட்டில் கூப்பிடும்போது மட்டும் காதில் விழும். பந்தியில் அப்பளம் வைக்கவில்லை என்று சொந்த மச்சானுக்கே வக்கீல் நோட்டீஸ் விட்டவர். சேவல் கூவித் தூக்கம் கெட்டதாகப் போலீசில் மனு கொடுத்தார். சேவல்காரர் பயந்துபோய் அதைக் குழம்பு வைத்து, அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்.

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டிப் பிழைக்கும் நான் நாலு மண்சுவர் எழுப்பினேன். கூரை போடும் நாளில் வாய்தா வாங்கிய தடையுத்தரவு வந்தது. என் கூரைத் தண்ணி அவர் மனையில் சொட்டுமாம். அந்த மனையில் முள்ளைத் தவிர ஒன்றும் கிடையாது.

"உன் மனைய எனக்கு எழுதிக் குடுத்துடு. நாளைக்கே வாபஸ் வாங்கறேன்."

"எனக்கு வேற எடம் ஏதுங்கணா?"

"அப்ப வாய்தாவுக்கு வா."

எட்டு வருஷம் போனேன். இருவருக்கும் ஒரே டவுன் பஸ். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு எனக்கும் சேர்த்து அவர்தான் இடம் பிடிப்பார். கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டால் கூச்சத்தில் எனக்குக் கால் நகராது. முதுகில் கை வைத்துத் தள்ளுவதும் அவர்தான்.

"போடா. நீ போய் நிக்கலன்னா கேஸ் முடிஞ்சிப்பூடும்."

"முடிஞ்சா உங்களுக்குத்தான லாபம்?"

"இன்னா லாபம்? அப்புறம் என் வூட்டுக்கு யாரு வருவா? கோர்ட் அமீனாகூட வரமாட்டான்."

இதற்குள் என் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், அண்ணாந்து, கூரைக்குப் பதில் கட்டிய தார்ப்பாய்க் கிழிசலில் வானத்தைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்காமலே எழுந்துபோனார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. தார்ப்பாய் ஒழுகலுக்குச் சட்டி வைத்தபடி மனைவி கேட்பாள்:

"அந்தாளு பக்கத்துல குந்திக்கினு போறியே, வெக்கமா இல்ல?"

இருந்தது. பஸ்ஸில் வேறு இடம்தான் இல்லை.

போன தை மாதம் வாய்தா செத்துப்போனார். தூக்க நாலு பேர் வந்தோம். நாலு பேர் மேலும் அவர் போட்ட கேஸ் இருந்தது.

அடுத்த வாய்தாவில் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். "செத்துட்டாருங்க" என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். தள்ளிவிட ஆள் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

வாரிசு யாரும் வராததால் கேஸ் முடிந்தது. அதற்குள் மழையில் மூன்று சுவர்கள் கரைந்திருந்தன. மிச்சமிருந்த ஒன்றை வைத்துச் சின்னதாய் ஒரு சாய்ப்புக் கூரை இறக்குகிறோம்.

"அவுரு மனைப் பக்கம் தண்ணி ஓட வாட்டம் வுட்டா சுளுவு. இப்ப யாரு கேக்கப் போறா?" என்றார் கொத்தனார்.

"வேணாங்க. தண்ணி என் பக்கமே விழட்டும்" என்றேன்.

ஆடி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.