உருண்டை மூட்டுத் தாங்கி விஷயமாக மச்சானுக்கு

பேட்ஸ்வில், மிசிசிப்பி
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ஹோலிஸ் டாக்கெட் அவர்களுக்கு, தங்கள் தங்கை வெர்னாவின் கணவன் டெல்மர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். தங்கள் முழங்கால் வலியும் தங்கள் மனைவி மார்வா அக்காவின் இரத்த அழுத்தமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் படகுக்குத்தான் சுகமில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பாதியில் குறுக்கிடுவீர்கள், நான் போனை வைத்துவிடுவேன், அப்புறம் வெர்னா என்னோடு பேசமாட்டாள். காகிதம் குறுக்கே பேசாது.

சார்டிஸ் ஏரியில் நாம் ஒரே படகில் கிராப்பி மீன் பிடித்த இத்தனை வருடமும், நான் பற்றவைத்த இரும்புக் குழாய்கள்தான் முன்பக்கத்தில் தூண்டில்களைத் தாங்கின. அவை ஏறாது, இறங்காது, ஆனால் விழாது. உங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன மாப்ள, இன்னும் குழாயக் கட்டிக்கிட்டு அழுவுற? கிராப்பிக்கு வாயி காகிதம் மாதிரி. வெடுக்குனு இழுத்தா கிழிஞ்சிரும். காத்துக்குத் தக்கன தூண்டில் நுனிய ஏத்தி எறக்கணும்யா. அதுக்குன்னே தாங்கி விக்கிறான், வா" என்று கடைக்கு இழுத்துப் போனீர்கள். அங்கே இரண்டு வகை இருந்தது. ஒன்று பல்சக்கரம் வைத்தது; 'கடக்' என்று ஒரு பல்லில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மற்றது உருண்டை மூட்டு. எந்தப் பக்கமும் திரும்பும், திருகை இறுக்கி நிறுத்த வேண்டும். நான் பல்சக்கரத்தைக் கையில் எடுத்தேன். நீங்கள் அதைப் பிடுங்கித் திரும்ப வைத்தீர்கள். "ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒரு எடத்துல நிறுத்தணும்னா என்ன பண்ணுவ?" நடுவில் ஓர் இடம் எனக்கு வாழ்நாளில் தேவைப்பட்டதே இல்லை. நீங்களோ கடைக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் என்னை உட்காரவைத்து, கையில் தூண்டிலுக்குப் பதில் துடைப்பத்தைக் கொடுத்து உயரம் பார்த்தீர்கள். தூண்டில் இரைக்கு மீன்குஞ்சு வாங்க வந்த நம் சபைப் பாதிரியார் ஓட்டிஸ் என் தோளைத் தொட்டு, "டெல்மர், வீட்ல எல்லாம் நல்லாத்தான இருக்கு?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். அந்த வெட்கத்திலேயே எட்டு உருண்டை மூட்டுகளுக்கும் தலையாட்டிவிட்டேன்.

முன்தளத்தில் துளை போட்டதும் நீங்கள்தான். முதலில் போட்ட இடத்தில் என் முழங்கால் இடித்தது. மாற்றிப் போட்ட இடத்தில் உங்கள் தொப்பை இடித்தது. இப்போது மழை பெய்தால் என் படகு சல்லடை.

பிறகு சபையின் மீன்பிடிப் போட்டி. காற்று கிளம்பி அலை தட்டியதுதான் தாமதம், ஜெபத்துக்குச் சொன்னதுபோல எட்டுத் தூண்டிலும் வரிசையாகத் தலை குனிந்தன. நான் நிமிர்த்தினேன், குனிந்தன; இறுக்கினேன், குனிந்தன; தூண்டில் நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன; அந்த நேரம் பார்த்து ஒரு மீன் கடித்தது. "மாப்ள, இழுக்குதுடா, தூக்கு, தூக்கு!" எதைத் தூக்க? ஒன்றைத் தூக்கினால் ஏழும் கூடவே வந்தன. ஓரத்துத் தாங்கி அப்படியே சுழன்று, என் அப்பா வைத்துப்போன தூண்டிலைத் தண்ணீரில் இறக்கிவிட்டது. மீன் அதை இழுத்துக்கொண்டு போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் வாயிலிருந்த பிஸ்கட்டை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னீர்கள்: "நீ திருகச் சரியா இறுக்கல."

அன்று இறுக்கிய இறுக்கில் இன்னும் இந்தக் கையால் காப்பிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. "அது எங்கப்பாவோட தூண்டில் மச்சான்" என்றேன். "பழசுதான, வுடு" என்றாய்.

ஆமாம், 'என்றாய்' என்றுதான் எழுதியிருக்கிறேன். மரியாதை அந்த இடத்தோடு தீர்ந்துவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன சனிக்கிழமை பெட்ரோல் போடப் போன இடத்தில் நம் சபை லமாரின் வண்டி நின்றது, பின்னால் அவன் படகு, முன் சீட்டில் நீ. படகில் பளபளவென்று பல்சக்கரத் தாங்கிகள். லமார் பெருமையாக என்னிடமே சொன்னான்: "ஹோலிஸ் அண்ணன்தான் பாத்து வாங்கிக் குடுத்தாரு. உருண்டை மூட்டெல்லாம் சும்மா குப்பையாம். யாரோ ஒருத்தன் படகுல மாட்டிப் பாத்தாராம்."

யாரோ ஒருத்தன்! என் கல்யாணத்தில் எனக்கு டை கட்டிவிட்டவன் நீ. உன் வீட்டுக் கூரை பறந்தபோது குடும்பத்தோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாய். நான் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். நீ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாய்.

வெர்னா பொரித்த கெளுத்தியை அன்று தட்டோடு தள்ளிவைத்துவிட்டேன். "என்னங்க, என்ன இருந்தாலும் எங்கண்ணன். மரியாதையா நாலு வரி எழுதிப் போடுங்க, மனசு ஆறிடும்" என்றாள். எழுதிவிட்டேன். ஆறவில்லை.

ஆகவே இனி என் படகில் உனக்கு இடமில்லை. உன் உருண்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பல்சக்கரம் மாட்டிவிட்டேன். தனியாகப் போவேன், தனியாக வருவேன், அதுதான் நிம்மதி. அன்னையர் தின விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் கேட்டால் நகர்த்தி வைப்பேன், பேசமாட்டேன்.

மார்வா அக்காவுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உன் வீட்டையும் முழங்காலையும் காப்பாராக. உன் வாயை அவர் விருப்பப்படி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உன் தங்கை புருஷன்,
டெல்மர் ஸ்டெகால்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை தனியாகப் போனேன். தாங்கிகள் இம்மியும் அசையவில்லை. ஒரு கிராப்பி ஏறியது, சத்தியமாக இரண்டு பவுண்டு இருக்கும். தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணரகூடத் தேறாது மாப்ள" என்று சொல்லப் படகில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். சனிக்கிழமை விடியும்போது படகுத்துறைக்கு வந்து தொலை.